தாங்கும் உடலும் பார்க்கும் கண்ணும்

பொறுமையைப் புகழாத அறநூலைத் தமிழில் காண்பது அரிது. வள்ளுவர் பொறையுடைமைக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். இந்நாட்டுத் தமிழரின் வரலாற்றைப் பற்றி மேடையேறிப் பேசுவோரும், "எத்தனை துன்பம் வந்தபோதும் நம் முன்னோர் தாங்கிக்கொண்டார்கள்" என்று ஓரிடத்திலாவது சொல்லாமல் அமர்வதில்லை. அவ்விடத்தில் கைதட்டலும் தவறாமல் எழும். நானும் பலமுறை தட்டியிருக்கிறேன். ஆயினும் ஒரு வினா நெடுநாளாக என்னை விட்டகலவில்லை. தாங்குதல் என்பது தாங்குகின்றவருடைய அறமாக மட்டும் நின்றுவிடுமா? அருகிலிருந்து பார்ப்பவருக்கும் அதனால் ஒரு கடமை பிறக்கிறதா? பிறக்கிறதெனில், தாங்குகின்றவர் வாய் திறந்து கேளாதபோது அக்கடமையை எவ்வாறு அறிவது?

இவ்வினாவை நூல்களைக் கொண்டு ஆராய்வதற்கு முன் மனித உடலைக் கொண்டு ஆராய விரும்புகிறேன். நான் மருத்துவனல்லன், தமிழ்ப்பள்ளி ஆசிரியன். எனினும் உடல் தாங்கும் முறையைப் படித்தறிந்தபின், மனிதர் தாங்கும் முறையைப் பற்றி எனக்கிருந்த எண்ணம் பெரிதும் மாறியது.

பள்ளிக்கூடங்களில் திங்கட்கிழமைச் சபைகூடலை நடத்தியவர்கள் இதனைக் கண்டிருப்பர். வெயில் ஏறிய நேரம், பேச்சு நீண்டுவிடும், வரிசையில் அசையாமல் நின்ற மாணவி ஒருத்தி முகம் வெளுத்துச் சாய்வாள். ஆசிரியைகள் ஓடிச்சென்று அவளை நிழலில் கிடத்துவர். சிறிது நேரத்தில் கண் விழித்து, வெட்கத்துடன் சுற்றிலும் பார்ப்பாள். நாம் எழுந்து நிற்கும்போதெல்லாம் அரை லிட்டருக்கும் மேலான இரத்தம் கால்களையும் வயிற்றின் கீழ்ப்பகுதியையும் நோக்கி இறங்குகிறது. அப்படியிருந்தும் நாம் அனைவரும் விழுந்துவிடாமைக்குக் காரணம் நரம்பு மண்டலம். கழுத்தின் இருபுறமும் மூளைக்குச் செல்லும் பெருந்தமனி பிரியுமிடத்திலும், இதயத்திலிருந்து வெளிப்படும் மகாதமனியின் வளைவிலும் நுண்ணிய நரம்பு முனைகள் உள்ளன. குழாயின் சுவர் எவ்வளவு விரிகிறது என்பதை உணர்ந்து, மூளையின் அடியிலுள்ள முகுளத்துக்கு அவை இடையறாது செய்தி அனுப்புகின்றன. அழுத்தம் குறைந்தால் செய்தி தளரும். உடனே முகுளம் இதயத்தை விரைந்து துடிக்கச் செய்யும். பரிவு நரம்புகளின் வழியே இரத்தக் குழாய்களைச் சுருக்கும். சிறுநீரகங்களின் மேலிருக்கும் சுரப்பிகளை அட்ரினலின் சுரக்க ஏவும். இவற்றுள் முதலிரண்டும் சில நொடிகளிலேயே தொடங்கிவிடுகின்றன. நாமோ ஏதும் அறியாமல் எழுந்து நடந்துபோகிறோம்.

இந்தச் சமநிலைக்கு 1926ஆம் ஆண்டில் பெயர் சூட்டியவர் வால்ட்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர். 1932இல் அவர் வெளியிட்ட நூலுக்கு 'உடலின் ஞானம்' என்று பொருள்படும் தலைப்பினை இட்டார். அழகிய தலைப்புத்தான். ஆனால் அந்த ஞானத்திற்கு ஒரு விலை உண்டு. சுருக்கப்படும் குழாய்கள் பெரும்பாலும் தோலுக்கும் குடலுக்கும் இரத்தம் கொண்டுசெல்பவை. அவற்றைப் பட்டினி போட்டுத்தான் மூளையும் இதயமும் ஊட்டப்படுகின்றன. வீட்டிலுள்ள அனைவரும் உண்டபின் பானையின் அடியில் எஞ்சியதை உண்ணும் தாயை நாம் அறிவோம். உடலிலும் அத்தகைய தாய் உண்டு.

இனிக் கடும் ஒவ்வாமைக்கு வருவோம். அனாபிலாக்சிஸ் என மருத்துவர் கூறும் அந்நிலையை உலகறியச் செய்தவர்கள் பிரெஞ்சு அறிஞர்களான சார்ல்ஸ் ரிஷேயும் பால் போர்ட்டியேவும் ஆவர். 1901இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் கப்பலில் பயணம் செய்து, கடலில் மிதந்து கொட்டும் உயிரினமொன்றின் நஞ்சை அவர்கள் ஆராய்ந்தனர். கரை திரும்பியபின் கடற்சாமந்தியின் நஞ்சைக் கொண்டு நாய்களிடம் ஆய்வைத் தொடர்ந்தனர். ஒருமுறை சிறிதளவு நஞ்சைச் செலுத்தினால் அடுத்த முறை உடல் அதனைத் தாங்கிக்கொள்ளும் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. நெப்டியூன் என்ற நல்ல உடற்கட்டுள்ள நாய், முதல் ஊசிக்குப் பின் நலமாகவே இருந்தது. சில வாரங்கள் கழித்து, முன்னதைவிடக் கூடாத அளவில் மீண்டும் செலுத்தியபோது 25 நிமிடங்களில் மாண்டது. காப்பு நேரவேண்டிய இடத்தில் அதன் எதிர்மறை நேர்ந்ததால், 'காப்புக்கு எதிரானது' என்ற பொருள் அமையக் கிரேக்கச் சொற்களைக் கோத்து 1902இல் அதற்குப் பெயர் வைத்தனர். ரிஷேக்கு 1913இல் நோபெல் பரிசு கிடைத்தது. நெப்டியூனுக்குக் கிடைத்தது பெயர் மட்டுமே என்பதை இங்குச் சொல்லாமல் கடக்க மனமில்லை.

அந்நாயின் உடலில் நிகழ்ந்தது இன்று பெருமளவு விளங்கியிருக்கிறது. முதற்சந்திப்பில் ஒரு பொருளைப் பகையென்று குறித்துக்கொண்ட உடல், அடுத்த முறை அதனைக் கண்டவுடன் மாஸ்ட் உயிரணுக்களிலிருந்து ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களை ஒருங்கே கொட்டிவிடுகிறது. இரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. அவற்றின் சுவர்கள் கசியத் தொடங்குகின்றன. கடுமையான நிலையில், பத்தே நிமிடங்களில் இரத்த ஓட்டத்திலுள்ள நீர்மத்தில் மூன்றிலொரு பங்குவரை திசுக்களுக்குள் கசிந்துவிடக்கூடும். வெளியே ஒரு சொட்டு இரத்தமும் சிந்துவதில்லை. ஆனால் உள்ளே பெருங்காயம் பட்டவரின் நிலை. நரம்பு மண்டலம் தன் கடமையை விடுவதில்லை. இதயத்தை விரட்டுகிறது, குழாய்களை இறுக்க முயல்கிறது. ஒருபுறம் நரம்பு இழுக்க, மறுபுறம் ஹிஸ்டமின் தளர்த்த, நடுவே அழுத்தமானி காட்டும் எண் சிறிது நேரம் இயல்பாகவே நிற்கக்கூடும். சிலரிடம் அப்போராட்டம் மிகக் குறுகியது. விரைந்தோடிய இதயம் திடீரென்று மெதுவாகிவிடுவதும் உண்டு. அப்போது எண் படிப்படியாக இறங்காமல் ஒரேயடியாகச் சரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் குளுவாங் வட்டாரத்துத் தோட்டப் பள்ளியொன்றில் நான் பணியாற்றியபோது, கூட்டுத் துப்புரவுப் பணி நாளன்று இதனை நேரிற் கண்டேன். பள்ளியைத் தூய்மைப்படுத்தி வந்த அம்மையார் ஒருவரைக் குளவிகள் இரண்டு கொட்டிவிட்டன. இளமையில் பால்மரம் வெட்டியவர். குளவிக் கொட்டு அவருக்குப் புதிதன்று. "ஒன்னுமில்லைங்க ஐயா, சுண்ணாம்பு தடவுனா சரியாப் போயிரும்" என்றார். ஆனால் கழுத்திலும் கைகளிலும் தடிப்புகள் எழுந்திருந்தன, குரல் கம்மியிருந்தது. உடனே காரிலேற்றி அரசுச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுசென்றோம். அங்கிருந்த மருத்துவ உதவியாளர் இளைஞர், மலாய்க்காரர். அழுத்தத்தை அளந்தார், எண் ஏறத்தாழ வழக்கமான அளவிலேயே இருந்தது. எங்களுக்கு மூச்சு வந்தது. அவரோ எண்ணைப் பார்த்துவிட்டு மணிக்கட்டைப் பிடித்தார். நாடி நிமிடத்துக்கு 130ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. மறுசொல் பேசாமல் தொடையின் வெளிப்புறத் தசையில் அட்ரினலின் ஊசியைப் போட்டார்.

அந்நியர் நடுவே புடவை விலகியிருப்பதை உணர்ந்த அம்மையார் எழுந்து உட்கார முயன்றார். "எழக்கூடாது, மக்சிக்" என்று அவ்விளைஞர் தோளைப் பிடித்துத் தடுத்துவிட்டு, செவிலியைக் கொண்டு போர்வை போர்த்தச் செய்தார். அடுத்து அளந்தபோது மேல் எண் 80. ஐந்து நிமிடம் கழித்து இரண்டாம் ஊசி. பின்னரே அழுத்தம் ஏறத் தொடங்கியது. எழக்கூடாது என்று ஏன் அத்துணைக் கண்டிப்பாகச் சொன்னார் என்பதைப் பிற்பாடு படித்தறிந்தேன். கடும் ஒவ்வாமையில் இறந்தோரைப் பற்றிப் பிரிட்டனில் செய்யப்பட்டு 2003இல் வெளியான ஆய்வொன்று, படுத்திருந்தவர் எழுந்து நின்ற அல்லது நிமிர்ந்து அமர்ந்த சில நொடிகளிலேயே உயிர் பிரிந்த நிகழ்ச்சிகளை எடுத்துக்காட்டியது. நிமிர்ந்தவுடன் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் நின்றுபோகிறது. வெற்றிதயம் எவ்வளவு துடித்தும் பயனில்லை. மூச்சுத் திணறல் மிகுந்தவரைக் கால் நீட்டிச் சாய்ந்திருக்க விடலாம். நிற்கவோ நடக்கவோ விடலாகாது. சபைகூடலில் சாய்ந்த மாணவியை உடனே தூக்கி நிறுத்தாமல் கிடத்துகிறோமே, அதே காரணம்தான்.

"எண் நன்றாக இருக்கிறது என்பதனால் ஆள் நன்றாக இருக்கிறார் என்று பொருளாகாது" என்று அவ்விளைஞர் என்னிடம் சொன்ன வாக்கியத்தை நான் பலநாள் சிந்தித்ததுண்டு. எண் என்பது முடிவு. அம்முடிவைக் காட்டுவதற்கு உடல் கொடுத்துக்கொண்டிருக்கும் விலையை அவர் நாடியில் படித்தார்.

தோட்டப்புறத்தில் வளர்ந்த எம் போன்றோர்க்கு இஃது உடலின் செய்தி மட்டுமன்று. விடியற்காலை நான்கு மணிக்கெழுந்து, பிள்ளைக்குக் கஞ்சி வைத்து, கைக்குழந்தையை ஆயக்கொட்டகையில் விட்டு, பிரட்டுக்கு நேரத்துடன் போய் நின்று, மங்குகளில் வடிந்த பாலைச் சுமந்து திரும்பிய பெண்கள் ஒருநாளும் வேலைக்குத் தவறியதில்லை என்று பெருமையுடன் பேசுகிறோம். வேலைநாள் கணக்கேடு அவ்வாறே சொல்லும். அது கிராணி எழுதிய எண். சுருங்கிய குழாய்கள் எவை, எந்தக் குழந்தையின் படிப்பு அதற்காகப் பட்டினி கிடந்தது, எந்த நோய் மருத்துவமனைக்குப் போகாமலே முற்றியது என்பன அவ்வேட்டில் இல்லை. அன்று அருகிலிருந்தோரில் பலர் அவ்வேட்டினை மட்டும் பார்த்தனர்; பார்த்து நிறைவடைந்தனர். புகழ்ச்சி பின்னால் வந்தது. ஒருவரைத் தாங்குபவர் என்று புகழ்ந்துவிட்டால், அவரிடம் 'உமக்கு என்ன வேண்டும்' என்று கேட்கவேண்டிய தொல்லை நமக்கு இல்லாமற் போகிறது. நம் மேடைப் புகழ்ச்சியில் ஒரு பகுதியேனும் இத்தகையது என்றே நான் கருதுகிறேன்.

இதற்கு ஒரு மறுப்புண்டு. அது வலிமையான மறுப்பு. அவர்கள் தாங்கியதனாலன்றோ நாம் இன்று இருக்கிறோம்? தாங்கும் ஆற்றலைக் குறைத்துப் பேசுவது நன்றியின்மையாகாதா? உண்மை. நரம்பு மண்டலம் அன்று அம்மையாரின் அழுத்தத்தை அந்தச் சில நிமிடங்களுக்குத் தாங்கிப் பிடித்திராவிட்டால், கார் சுகாதார நிலையத்தை அடையுமுன்னரே எல்லாம் முடிந்திருக்கும். தாங்குதல் காலத்தை ஈட்டித் தருகிறது. ஆனால் அந்தக் காலத்துக்குள் செய்யவேண்டியதைச் செய்வது தாங்குகின்றவரின் கையில் இல்லை. அது பிறர் கையில் இருக்கிறது. அக்காலம் வீணாகுமாயின் தாங்கியவரின் ஆற்றலும் அதனுடன் சேர்ந்து வீணாகிறது. இங்கேதான் பார்ப்பவரின் கடமை தொடங்குகிறது என்பது என் துணிபு.

இன்னொரு மறுப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வாய்விட்டுக் கேளாதவரின் வாழ்வில் வலியச் சென்று நுழைவது அவருடைய மானத்தைப் புண்படுத்தாதா? புண்படுத்தும், பலமுறை புண்படுத்தியும் இருக்கிறது. ஏழை மாணவனை வகுப்பின் முன் நிறுத்தி இலவசக் காலணி வழங்கும் விழாக்களில் அவன் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த மருத்துவ உதவியாளர் எதனையும் உரக்கக் கேட்கவில்லை. இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்தார். விலகிய புடவைக்குப் போர்வை கேட்டார். மானம் காக்கும் பொறுப்பும் உயிர் காக்கும் பொறுப்பும் ஒரே கையில் அடங்கும் என்பதற்கு அவர் எனக்குச் சான்று.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குப் புள்ளிப் பட்டியலைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். 80க்கு மேல் ஒரு நிறம், 40க்குக் கீழ் ஒரு நிறம். கீழே விழுந்தவனைக் கண்டுபிடிக்க அது போதும். மேலே நிற்பவன் எதனைச் செலவிட்டு நிற்கிறான் என்பதை அப்பட்டியல் காட்டாது. நேரம் தவறாமல் வந்து, பாடத்தை முடித்து, நல்ல புள்ளியும் பெறும் பெண்பிள்ளை, ஓய்வு நேரத்தில் விளையாடாமல் மேசைமீது தலைவைத்துத் தூங்குகிறாள் என்றால், ஆசிரியரின் விரல் சென்று நிற்கவேண்டிய நாடி அதுதான். இரவில் தம்பியைப் பார்த்துக்கொள்பவள் அவளாக இருக்கலாம். தாய் இரவு வேலைக்குச் சிங்கப்பூர் சென்று திரும்புபவராக இருக்கலாம். ஜொகூரில் இது அரிய செய்தியன்று.

'ஒன்றுமில்லை' என்ற சொல்லையும் இங்கு ஆராய வேண்டும். அதனைப் பொய்யென்று நாம் எண்ணிவிடுகிறோம். அல்லது பெருந்தன்மை என்று வியக்கிறோம். இரண்டும் அல்லாத ஒன்றும் உண்டு. தாங்குகின்றவருக்கே தம் நிலை தெரியாதிருக்கலாம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2023இல் எலிகளைக் கொண்டு வெளியிட்ட ஆய்வொன்றின்படி, கடும் ஒவ்வாமையின்போது மாஸ்ட் உயிரணுக்கள் வெளியிடும் நொதி ஒன்று, வெப்பத்தை உணரும் நரம்புகளைக் கிளறிவிடுகிறது. உடல் சூடாகிவிட்டது என்ற தவறான செய்தி மூளைக்குப் போகிறது, மூளை வெப்பம் உண்டாக்குவதை நிறுத்துகிறது, உடல் குளிர்ந்துபோகிறது. அந்நரம்புகள் அகற்றப்பட்ட எலிகள் அவ்வாறு குளிரவில்லை. செய்தி கொண்டுசெல்பவனே ஏமாற்றப்பட்டால் அரசன் என் செய்வான்? ஆகவே, துன்புறுகின்றவரின் சொல்லை மதிக்க வேண்டும். அதையே இறுதித் தீர்ப்பாகக் கொள்ளலாகாது.

அடுத்து, குற்றம் யாருடையது என்ற வினா. துன்பத்தைக் கண்டவுடன் அறம் பேசுவோர் முதலில் கேட்பது இதுவே. கடும் ஒவ்வாமையில் இதற்கு விடை கிடைப்பதில்லை. குளவிக்கேனும் கொடுக்கு உண்டு; இறாலும் நிலக்கடலையும் யாருக்கு என்ன தீங்கிழைத்தன? நம் பால்மரமும் இப்பட்டியலில் சேரும். எங்கள் பெற்றோரின் கைகளில் நாள்தோறும் பட்டுக் காய்ந்த அந்தப் பாலிலுள்ள புரதமே, கையுறையாகவும் மருத்துவக் குழாயாகவும் மாறி உலகெங்கும் சென்றபின் சிலரை வீழ்த்தியது. எய்ட்ஸ் நோய் அச்சத்தால் 1980களில் கையுறைத் தேவை பெருகியதைத் தொடர்ந்து இவ்வொவ்வாமை பரவலாக அறியப்பட்டது. 1991இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதுபற்றி மருத்துவர்களை எச்சரித்தது. பிறவியிலேயே முதுகுத்தண்டுக் குறையுற்றுப் பலமுறை அறுவைச் சிகிச்சை பெற்ற குழந்தைகளே மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர். யாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது? மரத்தையா, வெட்டியவரையா, கையுறை அணிந்து உயிர்காக்க முனைந்த மருத்துவரையா? கையுறையைக் கழுவிப் புரதத்தைக் குறைக்கும் வழியை மலேசியா உட்படப் பல நாட்டினர் தேடிக் கண்டனர். மாவு தடவிய கையுறைகளை அமெரிக்கா 2016இல் தடைசெய்ய முடிவெடுத்தது. குற்றவாளியைத் தேடாமலே செய்ய முடிந்த பணிகள் இவை.

மருந்தின் தன்மையும் எண்ணத்தக்கது. அட்ரினலின் அந்நியப் பொருளன்று. ரிஷே கப்பலேறிய அதே 1901இல் ஜோக்கிச்சி தாக்காமினே என்ற ஜப்பானிய அறிஞர் அதனைச் சுரப்பியிலிருந்து தூய வடிவில் பிரித்தெடுத்த செய்தியை வெளியிட்டார். உடல் தானே சுரந்து, போதாமற் போன அதே பொருளை, வளர்ந்தவருக்கு அரை மில்லிகிராம் அளவில் வெளியிலிருந்து தருகிறோம். தளர்ந்த குழாய்கள் சுருங்குகின்றன, மூச்சுக்குழல் விரிகிறது, இதயம் வலுப்பெறுகிறது. 'மனத்தைத் திடப்படுத்திக்கொள்' என்று துன்புறுவோரிடம் நாம் சொல்லும் அறிவுரை, ஏற்கெனவே இழுத்துப் பிடித்துக் களைத்த நரம்பை இன்னும் இழு என்பதாகும். அந்த ஊசி அறிவுரை சொல்வதில்லை. உடன் சேர்ந்து இழுக்கிறது. தாங்கியவரின் தாங்குதலை அது இகழவுமில்லை, அதன் இடத்தைப் பறிக்கவுமில்லை.

வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்தில் மருத்துவத்துக்குரிய கூறுகளாக நோயாளி, மருத்துவர், மருந்து என்பவற்றோடு அருகிருந்து பேணுபவரையும் சேர்த்து நான்காக எண்ணினார். நான்காமவரை ஏன் சேர்த்தார் என்பது கடும் ஒவ்வாமையில் நன்கு விளங்கும். ஊசியால் எழுந்த அழுத்தம், குளவி மீண்டும் கொட்டாமலே, சில மணிநேரம் கழித்து இரண்டாம் முறையும் விழக்கூடும். அதனால்தான் நலமடைந்தவர் போலத் தோன்றுவோரையும் மருத்துவமனையில் நிறுத்திவைக்கிறார்கள். அந்த அம்மையாரும் மாலைக்குள் பேசத் தொடங்கிவிட்டார். வீட்டில் அரிசி ஊறப்போட்டிருப்பதாகச் சொல்லிப் புறப்படப் பார்த்தார். அவருடைய மகள் விடுப்பெடுத்துக்கொண்டு, கட்டிலருகே நாற்காலியைப் போட்டு, விடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.